பாய் கட்டிக்கொண்டு வந்தவர்

மனுரேவா ஊரின் அரசு உதவித்தொகை அலுவலகத்தின் வெள்ளை வெளிச்சத்தில் செமிசி முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறார். மதிப்பான இடத்துக்குப் போகும் டோங்காத் தீவுக்காரர் கட்டுவதுபோல், இடுப்பில் தாழைப்பாய் சுற்றியிருக்கிறார். பக்கத்தில் பேத்தி சியாலே, தேவாலயத்துக்குப் போடும் ஒரே வெள்ளைக் கவுனில், எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடையோடு. அவள் வயிறு இரைவது மேசைக்கு அந்தப்பக்கம் வரை கேட்கிறது. அவருக்குக் காது சிவக்கிறது. அதிகாரி பிரையோனி கவுனின் கஞ்சி மடிப்பைப் பார்க்கிறாள்.

“கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கீங்க. வீட்டுல சாப்பாடு இல்லன்னு எழுதியிருக்கீங்களே, ஐயா?”

“இது உங்களுக்குக் குடுக்கற மரியாதைம்மா. கிழிஞ்சதக் கட்டிட்டு வந்தாத்தான் நம்புவீங்களா?”

“வீட்டுக்கு ஆள் வந்து பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க. வியாழக்கிழமை ஆகும்.”

அடுத்தவரை அழைக்கும் மணியை அவள் அழுத்துகிறாள். செமிசி பாயின் முடிச்சை இறுக்குகிறார், எழுந்திருக்கவில்லை.

“வரட்டும். அடுப்பு, அலமாரி எல்லாத்தையும் திறந்து பாக்கட்டும். இவளுக்குப் பசி இன்னைக்கு. சாப்பாட்டுச் சீட்டு கைக்கு வராம நாங்க எந்திரிக்கறதா இல்ல.”

மணி மறுபடி அடிக்கிறது. வரிசையில் அடுத்தவள், கைக்குழந்தைக்காரி, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

“அவருக்குக் குடுத்துட்டு அப்புறமா என்னைக் கூப்பிடும்மா.”