சுவாவுக்குப் போகும் பெயர்ப் பலகை

"எழுத்து இன்னும் பெரிசா வேணும்," என்றார் செல்வரட்ணம். "ரோட்டுக்கு அந்தப் பக்கத்தால போறவனுக்கும் கண்ணில குத்த வேணும்."

மெல்பன், டண்டினோங் கடையின் பின்வளவில் பலகை இரண்டு மேசைகளை அடைத்துக்கொண்டு கிடந்தது. 'கிறகோரி சுப்பர் மார்க்கெட்.' மேலே தமிழ், கீழே சின்னதாக ஆங்கிலம். வியாழக்கிழமை அது சரக்கோடு சரக்காகக் கப்பலேறிப் பீஜித் தீவுக்குப் போகிறது. அடுத்த மாதம் சுவாவில் கடைத் திறப்பு; செல்வரட்ணமும் போகிறார்.

"அப்பா, சுவாவில தமிழ் வாசிக்கிற ஆக்கள் எத்தினை பேர்?" என்றாள் அஞ்சலீனா.

"ஒராள் வாசிச்சால் காணும்."

அந்த ஒராள் யார் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் கிறகோரி. தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், மன்னாரில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவன். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, தகவலும் இல்லை.

எங்கேயோ ஒரு ஊரில் தெருவோடு போகும்போது தன் பெயரைக் கண்டு உள்ளே வருவான் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்பனில் இரண்டு, சிட்னியில் இரண்டு, கடல் தாண்டி ஓக்லாந்து, வெலிங்டன் என்று பத்து வருடத்தில் ஆறு கடை. இப்போது சுவா. பேராசைக்காரன் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும். ஆனால் அவருக்கு பைபாஸ் முடிந்து ஏழு கிழமைதான் ஆகிறது. பிளேன் பக்கமே போகக் கூடாது என்றிருந்தார் டாக்டர்.

செல்வரட்ணம் உள்ளே போய்க் காசு மேசையில் உட்கார்ந்தார். இளம் சோடி ஒன்று கூடையோடு வந்தது.

"புதிசா வந்தனீங்களோ? எவடம்?"

"யாழ்ப்பாணம், அங்கிள்."

சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். "இந்தப் பெடியனை எங்கையாவது கண்டனீங்களோ? கிறகோரி எண்டு பேர்."

அவர்கள் தலையாட்டி மறுத்தார்கள். ஊறுகாய்த் தட்டின் முன்னால் போத்தல்களை நேராக்கிக்கொண்டு நின்ற அம்மா மரியமலர் திரும்பிப் பார்க்கவில்லை.

அஞ்சலீனா அம்மாவின் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள்.

"நீங்கள் சொன்னால் அப்பா கேப்பார். போக வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

மரியமலர் அரிசி மூட்டை ஒன்றில் உட்கார்ந்தாள்.

"அண்ணா சுவாவில நிக்கிறார் எண்டு நீங்களும் நம்புறீங்களோ, அம்மா?"

"அவன் வள்ளமே ஏறேல்லை, பிள்ளை."

அஞ்சலீனாவுக்கு விளங்கவில்லை.

"கரையில வைச்சே ஷெல் விழுந்தது. நானும் பங்குச் சுவாமியும் இன்னும் நாலு பேருமாத்தான் அடக்கம் செய்தனாங்கள். நீ அப்ப போர்டிங்கில."

"ஏனம்மா சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்ல? அவனைக் கூப்பிடத்தானே இந்த மனுசன் எங்களுக்கு முன்னமே இஞ்சை வந்து பக்டரியில ரெண்டு ஷிப்ட் அடிச்சவர். நாங்கள் வந்திறங்கேக்கை எயார்போர்ட்டில உன்னைத் தூக்கக்கூட இல்லை, 'அவன் எங்கை' எண்டுதான் முதல் கேட்டவர். வாயில வந்தது வள்ளம்தான்." சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "பிறகு முதல் கடைக்கு அவன்ரை பேரையும் வைச்சிட்டார். நீ வாய் திறக்காதை. அப்பா தாங்க மாட்டார்."

எழுந்து பின்னேரப் பூசைக்குப் போய்விட்டாள். அவளுடைய கார் வெளியேறும் சத்தம் கேட்ட பிறகும் அஞ்சலீனா அதே இடத்தில் நின்றாள். பதினாலு வருடம் அவளும்தான் ஜெபமாலையில் அண்ணாவுக்கென்று ஒரு மணி கூட்டிச் சொல்லியிருக்கிறாள், சுகமாக வந்து சேர வேண்டுமென்று.

முன்னுக்கு வந்தபோது காசு மேசையில் ஓர் இளைஞன் நின்றான்.

"அங்கிள் மன்னாரோ? பேச்சில தெரியுது. நானும் அங்கைதான், பேசாலை."

"அப்பிடியோ தம்பி. நல்லது. பை வேணுமோ?"

"வேண்டாம். போட்டு வாறன் அங்கிள்."

அப்பா படத்தை எடுக்கவில்லை. களைத்துப் போனார் என்று நினைத்தாள் அஞ்சலீனா. முகமும் வெளிறித்தான் இருந்தது. இல்லாத ஒருவனைத் தேடி இந்த மனுசன் பிளேனில் செத்துப்போவதா? அம்மாவுக்குக் கொடுக்காத வாக்கை மீறுவதில் பாவமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அப்பா, நீங்கள் சுவாவுக்குப் போக வேண்டாம்."

"தொடங்கிட்டியோ?"

"அண்ணா அங்கை இல்லை. எங்கையும் இல்லை, அப்பா."

செல்வரட்ணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆர் சொன்னது என்று கேட்கவில்லை. கதவில் 'மூடியுள்ளது' அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, பணப்பையின் உள்மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மேலே மன்னார்ப் பங்குக் கோயில் முத்திரை.

"அவனைத் தேடிப் பிடிச்சு ஸ்பொன்சர் செய்வம் எண்டு ஞானஸ்நானச் சான்று கேட்டு எழுதினனான். சுவாமி அதோட அடக்கச் சான்றையும் சேர்த்து அனுப்பினவர்."

அஞ்சலீனா திகதியைப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று மார்ச். முதல் கடை திறந்தது தொண்ணூற்று நாலில்.

"அப்ப... இவ்வளவு கடையும்?"

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். பூசைக்குப் போன கார் திரும்பி வருகிறதா என்று ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை. அவள் தாங்க மாட்டாள்."