சிசிலியின் ஷொப்பிங் பேக்

"அடிப்பாவி! விடியக்காலையில எந் தோட்டத்துல இவளுக்கு என்னா வேலை?"

பல் விளக்க வெளியே வந்த ஜெயந்தினி, வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பனிக்குள்ளிருந்து அடுத்த வீட்டுச் சிசிலி வருகிறாள். எங்கிருந்து? ஜெயந்தினியின் கரட் தோட்டத்து வேலியை விலக்கிக்கொண்டு! கையில் முட்ட முட்ட ஒரு ஷொப்பிங் பேக். ஜெயந்தினியைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

பீலியில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஆறு மாதம். மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அடுத்தவள் நிரையில் கை வைப்பதே பெரிய குற்றம். இவள் என்னடாவென்றால் தோட்டத்துக்குள்ளேயே புகுந்திருக்கிறாள்.

'கரட் களவாணி' என்றுதான் ஜெயந்தினி முதலில் நினைத்தாள். வேலியடியில் பையிலிருந்து விழுந்து கிடந்த செடியைப் பார்த்ததும் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

இலை கரட் இலை மாதிரி. உச்சியில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. போனை எடுத்து, போன கிழமை மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எல்லாருக்கும் அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதேதான். பார்த்தீனியம்!

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் சொன்னது மறக்குமா?

"தொட்டா சொறி, மோந்தா இழுப்பு. ஒரு செடிய விட்டா மலையையே மூடிப்புடும். யார் தோட்டத் துண்டுல நிக்குதோ, அந்தத் துண்டு முழுக்க மருந்தடிச்சிருவோம். ஒரு வருசத்துக்கு அதுல ஒண்ணும் போட ஏலாது."

ஜெயந்தினி தோட்டத்துக்குள் ஓடினாள். கரட்டுக்கு நடுவே அங்கங்கே ஈர மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது.

"வெதைச்சிட்டுப் போயிருக்கா, சண்டாளி!"

கரட் பிடுங்க இன்னும் இரண்டு கிழமைதான். அதை நம்பித்தான் மகள் ஷாமிலாவை நுவரெலியாவில் தங்கிப் படிக்க விட்டிருந்தாள். மருந்தடித்தால் எல்லாம் மண்ணோடு போச்சு. ஒரு வாளித் தண்ணிச் சண்டைக்குப் பிள்ளையின் படிப்பிலேயா கை வைப்பாள்? இவளெல்லாம் பொம்பளையா?

பெரட்டுக்கு வந்த கண்டாக்கு கணேசமூர்த்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே லயத்து வீட்டுச் சனமெல்லாம் வந்தது.

சிசிலி வீட்டுக்குப் பின்னால் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நெருப்புக்குள்ளே அந்தச் செடிகள்.

"பாருங்கய்யா! சொன்னேன்ல? கையும் களவுமா புடிச்சுக் குடுத்திட்டேன். இவ எந்..."

'எந் தோட்டத்துல' என்று சொல்ல வந்தவள் டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் அங்கேயும் மருந்தடிக்க வந்துவிடுவார்களே! ஜெயந்தினியா, கொக்கா?

கண்டாக்கு சிசிலியிடம் கேட்டார். "இது எங்க மொளைச்சது?"

சிசிலி ஜெயந்தினியை ஒரு பார்வை பார்த்தாள். கையைச் சொறிந்துகொண்டே சொன்னாள். "எந் துண்டுலதாங்கய்யா."

"ஏன் வந்து சொல்லல?"

"தப்புதாங்க. புடுங்கிப் போட்டுட்டேன்."

"புடுங்குனா மட்டும் போதாது. இன்னைக்கே மருந்தடிக்கச் சொல்றேன்."

"சரிங்கய்யா."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா பின்னே! அன்றைக்குப் பகல் முழுக்க மலையில் ஜெயந்தினிக்கு அதே பேச்சுதான்.

"லயத்துக்கே கேடு செய்யப் பாத்தாடி. சாமிதான் காட்டிக் குடுத்துச்சு."

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், யாருக்கும் தெரியாமல் அந்த விதைகளைப் பொறுக்கிவிடலாம் என்று தோட்டத்தில் இறங்கினாள். கிளறிய இடத்தையெல்லாம் தோண்டினாள். விதையும் இல்லை, நாற்றும் இல்லை. அறுந்த வேர்தான் வந்தது.

வேலியோரக் கடைசிப் பாத்திக்குப் போனாள். 'இந்தக் கரட் மட்டும் என்னா வளத்தி!' என்று அவளே பூரித்து, அவளே தண்ணீர் ஊற்றிய செடிகள் ஏழெட்டு அங்கே நின்றன. குனிந்து பார்த்தாள்.

உச்சியில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ.

ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடுங்கினாள். ஒரு சாண் வேரோடு வந்தது. எப்படியும் ஒரு மாதத்துச் செடி. பிடுங்கிய இடத்தில், காலையில் பார்த்த மாதிரியே மண் கிளறிக் கிடந்தது.

ஜெயந்தினி செடியைக் கீழே போட்டாள். நேரே சிசிலி வீட்டுக்குப் போனாள். சிசிலி தடித்துப் போன கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் துண்டில் மருந்து வாடை அடித்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!"

"ஒங்கிட்டயா? சொன்னா பத்து நிமிசத்துல லயம் பூராத் தெரிஞ்சிருக்கும். ஒங்கண்ணன் வவுனியாவுலருந்து ஏத்திவிட்ட ஆட்டெருவுல வந்த வெதைடி அது. நாளைக்கு ஒருநாள் விட்டிருந்தா மிச்சத்தையும் புடுங்கி முடிச்சிருப்பேன். அதுக்குள்ள ஊரக் கூட்டிப்புட்ட."

"நான் இப்பவே போயி கண்டாக்கையாகிட்ட உண்மையச் சொல்லிடுறேன்." ஜெயந்தினி அழுதுகொண்டே திரும்பினாள்.

சிசிலி எண்ணெய்க் கையாலேயே அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அட லூசு! எந் துண்டுல உருளைக்கெழங்கத் தோண்டி எடுத்தாச்சு. ஒங் கரட் இன்னும் மண்ணுக்குள்ளதான கெடக்கு?"