தூரத்து மலை

"மலைக்கு என்னய்யா காய்ச்சலா? இப்படி வெளுத்துப்போய் நிக்குது?"

முதலாளி கேட்டதும் ஓவியருக்குச் சுருக்கென்றது. ஆலையின் வரவேற்பறையில் மாட்டுவதற்காக, அதே அறை ஜன்னலில் தெரியும் காட்சியை மூன்று வாரமாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருந்தார். முன்னால் மரங்கள், அழுத்தமான பச்சை. பின்னால் மலை, வெள்ளையும் நீலமும் கலந்த சாம்பல்.

முதலாளிக்கு ஓவியம் என்றால் காலண்டர்தான். மலையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிடச் சொன்னார்.

ஓவியர் விடவில்லை. வகுப்பே எடுத்துவிட்டார்.

"தூரம் போகப் போக நடுவுல காத்து அதிகமாகுது சார். அதனால நிறம் மங்கும், ஓரம் கரையும். இயற்கையே அப்படித்தான்."

முதலாளி ஜன்னலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, மேனேஜரை எழுதிக்கொள்ள வைத்தார். ஆறு கிளைகளுக்கும் இதேபோல ஆறு படம் வேண்டும் என்றார். கலையை மதிக்க ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று ஓவியருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

திங்கட்கிழமை படத்தை மாட்டும்போது ஓர் அதிகாரி வந்தார். ஆலைப் புகையைப் பற்றி அக்கம்பக்கத்தார் கொடுத்த புகாரை விசாரிக்க வந்தவர். புகார் உண்மையென்றால் ஆலைக்குப் பூட்டு.

"எதிர்ல இருக்கற மலையே மறைஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்காங்க," என்றார்.

முதலாளி படத்தின் முன்னால் போய் நின்று, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். தூரம், காற்று, கரையும் ஓரம், எல்லாம் வரிசையாக வந்தது.

"புகையாவது ஒண்ணாவது. இவ்வளவு பெரிய ஓவியரே சொல்றார், கேட்டுக்குங்க சார்."

மூன்று வாரமாகத் தான் கலந்து கலந்து தீட்டியது இந்த ஆலையின் புகையைத்தான் என்று ஓவியருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஆறு படம். வீட்டில் மனைவியிடம் வேறு சொல்லியாகிவிட்டது.

"ஆமா சார். தூரம்னா மங்கலாத்தான் தெரியும்," என்றார். சொன்ன வாய் கசந்தது. முதலாளி அவர் தோளில் கைபோட்டார்.

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டார். "உங்க வீடு எங்கே?"

"அந்த மலையடிவாரத்துலதான் சார்."

"அடேயப்பா, அவ்வளவு தூரமா? எப்படி வந்தீங்க?"

ஓவியர் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"நடந்துதான் சார். பத்து நிமிஷம்."