முதல் போணி

“இதையெல்லாம் திருப்பி எடுத்துக்கங்கண்ணே.”

கடையில் போய் இதை மட்டும் கேட்கக் கூடாது, இல்லாதப்பட்டவள் என்று எடைபோட்டுவிடுவார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். எழிலரசி கேட்டேவிட்டாள். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வேலைக்குப் போனதிலிருந்து, சம்பளம் வந்ததும் கால் தானாக இங்கே இழுத்துவர, அவள் வாங்கிய சேலைகள், மடிப்புக் கலையாமல் பை நிறைய இருந்தன. அப்போதுதான் ஷட்டரை ஏற்றிய கடைக்காரர் பையைத் தொடவேயில்லை.

“இன்னும் போணியே ஆகலைம்மா. காலங்காத்தால வித்த சரக்கை உள்ள வாங்குனா நாளே விளங்காது. நீயே ஒண்ணு எடுத்துப் போணி பண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்.”

“வாங்குறதை நிறுத்தணும்னுதான் வந்திருக்கேன். நிறுத்துறதுக்கும் வாங்கணுமா?”

அவர் சிரித்தபடி ஒரு மஞ்சள் சேலையை உதறி அவள் தோளில் போட்டார். “கண்ணாடியைப் பாரு மகராசி. பிடிச்சிருக்கா?”

அவளுடைய கை அதற்குள் முந்தானையை வருட ஆரம்பித்திருந்தது. அதை யார் தொடச் சொன்னது? ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பையில் கிடப்பதில் ஒன்றாவது எப்போதாவது பிடித்திருந்ததா? யோசித்தால் எதுவும் நினைவில் இல்லை. கோபம் அவர்மேலா, கைமேலா, அதுவும் தெரியவில்லை.

சேலையை உருவி மேசையில் போட்டாள்.

“பையை விட்டுட்டுப் போறியேம்மா!”

“வெச்சுக்கங்க.”

படியிறங்கினாள். முந்தானையை வருடிய அந்தக் கையை மட்டும், கூட்டத்தில் யாரோ ஒருத்தியின் குழந்தையைப் பிடித்துக்கொள்வதுபோல, மறுகையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.