பரதன் கேட்ட மன்னிப்பு

அவளுடைய நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

முன்னால் பரதன். வெளிறிப்போன சட்டை. மேக்கப் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருந்துகிற முகத்துக்குப் பவுடர் ஆகாதாம்.

"அவரு பேசி முடிச்சதும் கேமரா உங்க பக்கம் திரும்பும் வல்லிக்கா," என்றார் டைரக்டர் சபேசன். "எனக்கு எந்த வருத்தமும் இல்ல, நாங்க ஒரே குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க. அவ்வளவுதான். லேசா சிரிங்க. ரொம்பச் சிரிச்சிடாதீங்க."

இன்பவல்லி தலையாட்டினாள்.

பதினோரு வருடங்களாக, ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சேனலின் சிரிப்பு நிகழ்ச்சியில் அவள் பரதனுக்கு மனைவி. அவள் உட்கார்ந்தால் கட்டில் உடையும். ஏறினால் ஆட்டோ ஒரு பக்கம் சாயும். பரதன் ஏதாவது சொல்வான். ஜனம் சிரிக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளைப் பிணமாகப் படுக்க வைத்தார்கள்.

நாலு பேர் பாடையைத் தூக்கப் பார்த்துத் தடுமாறினார்கள். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பரதன் நிமிர்ந்தான்.

"இருக்கும்போதும் தாங்க முடியல. செத்த பிறகும் தூக்க முடியலையே!"

முன்வரிசையில் ஒரு பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கண்ணை மூடிக் கிடந்தவளுக்கே வயிறு குலுங்கிவிட்டது. பிணம் சிரிக்கிறது என்று இன்னொரு முறை எடுத்தார்கள்.

விருத்தாசலத்தில் வான்மதி என்ற பெண் அதைப் பார்த்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அது. உடம்பு கனத்த அம்மா. தூக்க வந்தவர்கள் முனகியது மகளின் காதில் விழுந்திருக்கிறது. எட்டு வரி எழுதி இணையத்தில் போட்டாள்.

'எங்கம்மா போனதுக்கு ஊரே உக்காந்து சிரிச்ச மாதிரி இருக்கு' என்பது கடைசி வரி.

பற்றிக்கொண்டது.

சேனல் வாசலில் கோஷம். பரதனின் படத்துக்குச் செருப்படி. கலைஞன் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கூடாதா என்று நாலு நாள் விவாதம் நடத்தினார்கள். போராட வந்தவர்கள் பிடித்திருந்த ஓர் அட்டையில் அவள் முகமும் இருந்தது. 'இன்பவல்லியை இழிவுபடுத்தாதே!'

அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பரதன் முதலில் முடியாது என்றுதான் நின்றான். "இத்தன வருசம் சிரிச்சது இவங்கதானே? ஒரு வரிக்கு நான் மண்டி போடணுமா?"

பிறகு அவன் மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். அதன் பிறகு சரி என்றான்.

இன்று காலை, மேக்கப் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவளிடம் சொன்னான்.

"அது உன் வரின்னு நான் யார்கிட்டயும் சொல்லல வல்லி. சொல்லவும் மாட்டேன். நீ பாட்டுக்கு உக்காரு."

அவள் வரிதான்.

ஒத்திகையில், எழுதிக் கொடுத்திருந்த வசனம் சப்பென்று இருந்தது. பாடையில் படுத்தபடியே, கண்ணைக்கூடத் திறக்காமல், "இப்படிச் சொல்லிப் பாரேன்" என்றாள்.

விளக்குகள் எரிந்தன.

பரதன் கைகூப்பினான். "என் வார்த்தை யாரையாவது புண்படுத்தியிருந்தால்..."

சபேசன் நிறுத்தினார். "'யாரையாவது' வேணாம் சார். 'இருந்தால்' வேணாம்."

மறுபடியும் கைகூப்பினான்.

"என் வார்த்தை புண்படுத்திவிட்டது."

அந்த 'என்'னில் துளித் தயக்கம் இல்லை.

கேமரா அவள் பக்கம் திரும்பியது.

"அந்த வரி..." என்றாள்.

பரதன் அவளைப் பார்க்கவில்லை. முழங்காலின் மேல் கிடந்த விரல் மட்டும் இரண்டு முறை அசைந்தது. வேண்டாம்.

அவள் லேசாகச் சிரித்தாள்.

"எனக்கு எந்த வருத்தமும் இல்ல. நாங்க ஒரே குடும்பம் மாதிரி."

அவள் பங்கு ஒரே டேக்கில் ஓகே ஆனது.

மாலையில் ஒளிபரப்பினார்கள். பரதன் நடிக்கிறான் என்றார்கள். அவளைப் பாவம் என்றார்கள். மிரட்டி உட்கார வைத்திருக்கிறார்கள், அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று ஆயிரம் பேர் எழுதினார்கள்.

சனிக்கிழமை பரதனை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளுக்குச் சமையல் போட்டி ஒன்றில் நடுவர் நாற்காலி கிடைத்தது.

பரதனுக்கு ஆறு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

சேனலில் கேட்டு வான்மதியின் எண்ணை வாங்கினாள்.

பெயரைச் சொன்னதுமே அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். "நீங்க எதுக்குக்கா போன் பண்றீங்க? அந்தாள விட உங்கள நெனச்சுத்தான் எனக்கு மனசு ஆறல. எத்தன வருசமா எப்படிக்கா தாங்குனீங்க?"

"அந்த வரி நான் சொல்லிக்குடுத்தது கண்ணு."

அழுகை நின்றது.

எதிர்முனையில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா?" அக்கா என்று இந்த முறை சொல்லவில்லை. "பொம்பளதானே நீங்களும்? எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"எனக்குத் தோணல."

இன்பவல்லி சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவத் தூக்கும்போது எங்கப்பா சொன்னாரு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. தூக்க வந்தவங்க, பெரியப்பா, மாமா, வாசல்ல நின்ன சனம், எல்லாரும் சிரிச்சாங்க."

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

வான்மதி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க?"