ஓடையில் பிடித்த தண்ணீர்

"சொந்த அண்ணன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு உனக்கு எப்படிடி சாப்பாடு இறங்குது?"

அம்மா கேட்டதும், கையில் எடுத்ததை மகள் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

எதிரே நாற்காலியில் அண்ணி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மகளுக்கு வேலை. ஊருக்குள் ஓடும் ஓடையில் வாரா வாரம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பாள். ஓடைக்கரையில் இருக்கும் பெரிய சலவை ஆலை அண்ணியின் அப்பாவுடையது. ஓட்டல், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்கப் போகும். அண்ணன் அங்கே மேனேஜர்.

நேற்று அந்த ஆலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கழிவைச் சுத்தம் செய்கிற தொட்டி கட்டும்வரை திறக்கக் கூடாதாம். எல்லாம் இவள் கொடுத்த ரிப்போர்ட்டால் வந்தது.

"எங்கப்பா பச்சைத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கார்," என்றாள் அண்ணி. "வேலை செய்யறவங்க எல்லாம் வாசல்ல வந்து நிக்கறாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?"

"அவங்க சம்பளத்தை நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவுலயே இருக்கு, அண்ணி."

"சட்டம் பேச வந்துட்டியா?"

"கீழ்த்தெருப் பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம், அண்ணி. அதுங்க குளிக்கறது அந்த ஓடையிலதான்."

"இத்தனை மாசமா நீதானே சோதிச்சே? அப்பல்லாம் நல்லா இருந்த தண்ணி இப்ப மட்டும் எப்படிக் கெட்டுது?"

அண்ணி சொன்னது உண்மைதான். பகலில் எப்போது போய்ப் பிடித்தாலும் தண்ணீர் சுத்தமாகவே இருந்தது. 'சொந்தக்காரங்க ஆலைன்னு கண்ணை மூடிக்கிட்டியாம்மா?' என்று கீழ்த்தெருப் பெண்கள் அவளை முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு விடியற்காலையில் அவள் பிடித்து வந்த தண்ணீர்தான் வேறாக இருந்தது. பாட்டில் மூடியைத் திறந்ததுமே கண் எரிந்தது. நுரை அடங்கவே இல்லை.

"விடியறதுக்கு முன்னாடி கழிவைத் திறந்து விட்டா, பகல்ல போற எனக்கு எப்படித் தெரியும், அண்ணி?"

"அதுக்காக, திருடனைப் பிடிக்கிற மாதிரி இருட்டுல போய் நின்னியா? கூடப் பிறந்தவன் அங்க இருக்கானேன்னு ஒரு நிமிஷம் நினைச்சியா? வேற யாரையாவது போகச் சொல்லியிருக்கலாமே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"என்னத்தைக் கேக்கறது? விடு," என்றான் அண்ணன். ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

"அவன் எப்படிக் கேப்பான்?" என்று அம்மா குறுக்கே வந்தாள். "தங்கச்சியாச்சேன்னு வாய் வரல அவனுக்கு. எனக்கென்ன? இவளையா பெத்து வளர்த்தோம்னு இருக்கு. நீ அழாதேம்மா. அந்தத் தொட்டியைக் கட்டி முடிக்கிற வரைக்கும் நான் இவ மூஞ்சியிலயே முழிக்கப் போறதில்ல. எழுந்து வா, வந்ததுலேர்ந்து ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல நீ."

மருமகளின் தோளைப் பிடித்து எழுப்பி, சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

மகள் தட்டை ஒதுக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே அண்ணன் வந்து நின்றான்.

"தொட்டி வேலைக்கு ஆள் சொல்லியாச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"காலையிலதான் சரின்னார் மாமா. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காதுலயே போட்டுக்கல. இப்ப பூட்டைப் பார்த்ததும் வேற வழியில்லை."

"உன் மேல சந்தேகம் எதுவும் இல்லையே?"

"இல்ல. வந்தா அன்னிக்கே என்னை வெளிய அனுப்பிடுவார். நான் உள்ள இருந்தாத்தான், கட்டின தொட்டியை ஒழுங்கா ஓட்டறாங்களான்னு பார்க்க முடியும். அதுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்." அவன் கண் கலங்கியது. "ஆனா செஞ்சவன் நான், திட்டு வாங்கறது நீ. உள்ள நின்னு கேக்கவே முடியல. அவகிட்ட சொல்ல முடியாது. அவங்கப்பாவாச்சே. அம்மாகிட்டயாவது சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"அன்னிக்கு விடியக்காலைல போன் பண்ணி, 'இப்பதான் திறந்து விடறாங்க, உடனே வந்து தண்ணியைப் பிடி'ன்னு சொன்னதே நான்தான்னு."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாசமே இல்லாத மகளைப் பெற்றதற்காக மருமகளிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முதல் முறையாகத் தங்கை சிரித்தாள்.

"அந்த போனை எடுத்தது நான் இல்லண்ணா. நான் நல்லாத் தூங்கிட்டு இருந்தேன். நீ படபடன்னு சொல்லிட்டு வச்சதும், என்னை உலுக்கி எழுப்பி, பாட்டிலைக் கையில திணிச்சு, 'ஓடுடி'ன்னு அனுப்பி வச்சதே அம்மாதான்."