கடைசி இருபது நிமிஷம்

“கடைசி இருபது நிமிஷம் அந்தப் பையன் கண்ணாலயே பேசிட்டான். அவனை விட்டுட்டு வேற யாருக்குக் கொடுக்கறது?” என்றார் நடுவர் குழுத் தலைவர்.

சிறந்த பேய்ப்பட நடிகருக்கான விருது. மூன்றே நடுவர்கள். பன்னிரண்டு படங்களைச் சலித்து, இரண்டு பேரில் வந்து நின்றிருந்தார்கள். அன்று காலை கடைசிப் படத்தையும் பார்த்தாகிவிட்டது. அரங்கத்தை ஒட்டிய அறையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

தலைவர் சொன்ன பையன், கொடிகட்டிப் பறக்கும் இளம் நாயகன். காலையில் பார்த்தது அவன் படத்தைத்தான்.

இன்னொருவர் துணை நடிகர். முப்பது வருஷமாகத் திரையில் செத்துக் கிடந்தே பிழைத்தவர். படப்பிடிப்பில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவதே ‘பிணம்’ என்றுதான். முதல் முறையாக ஒரு படம் முழுக்க உயிரோடு வந்திருந்தார், பிணவறைக் காவலாளியாக. கடைசிவரை பேயே வராத பேய்ப்படம். வந்துவிடுமோ என்று அவர் பயப்படுவதைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும்.

மூன்றாவது நடுவரான வசனகர்த்தாவின் மனசு பிணத்தின் பக்கம்தான் இருந்தது. அந்த நடிகருக்கு வயது அறுபதைத் தொட்டாயிற்று. இந்த விருது வந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். வராவிட்டால் மனுஷன் திரும்பவும் வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

“பிணம் அந்தச் சாவிக்கொத்து சத்தம் போடாம இருக்க, நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரே. அந்த ஒரு இடம் போதாதா?” என்று கேட்டுப் பார்த்தார்.

“நல்லாத்தான் பண்ணியிருக்கார்,” என்றார் இன்னொரு நடுவரான அம்மணி, முன்னாள் கதாநாயகி. “ஆனா கிணத்துலேருந்து ஏறி வர்றப்போ இவன் முகத்தைப் பார்த்தீங்களா? எனக்கு இன்னும் உடம்பு நடுங்குது.”

அங்கேதான் வசனகர்த்தா வசமாக மாட்டிக்கொண்டார். அவர் பார்க்கவில்லை.

பேய் என்றால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. பத்துப் பேய்ப்படங்களுக்கு வசனம் எழுதியவர், ஒன்றைக்கூடத் திரையில் முழுசாகப் பார்த்ததில்லை. காலையிலும் அப்படித்தான். நாயகன் கிணற்றில் விழுந்ததும் இறுக மூடிய கண்ணை, படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் திறந்தார். தண்ணீர்ச் சத்தமும் அலறலும் காதில் விழுந்ததோடு சரி.

பார்க்காத காட்சியோடு எப்படி வாதாடுவது? உண்மையைச் சொன்னால் ஊரே சிரிக்கும். தலைவரோ ஐந்து பேய்ப்படங்களை இயக்கியவர். அம்மணி பேயாகவே நடித்துப் பேர் வாங்கியவர். இவர்களுக்கு நடுவில் தான் ஒருவன்தான் தொடைநடுங்கி என்று எப்படி ஒப்புக்கொள்வது?

“பார்த்தேன், பார்த்தேன். என்னா முகம்,” என்றார்.

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. பாவம், ஒரு நல்ல நடிகன் தலையில் தன் கையாலேயே மண்ணள்ளிப் போட்டாயிற்று. தலைவர் பேனாவைத் திறந்து, முடிவுத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார் புரொஜெக்டர் ஆபரேட்டர். கையைப் பிசைந்தார்.

“மன்னிக்கணும் சார். காலையில அந்தக் கடைசி இருபது நிமிஷம் மிஷின் விளக்கு அணைஞ்சு போச்சு. திரையில படமே விழல. சத்தம் மட்டுந்தான் ஓடுச்சு. நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா, நானும் பேசாம இருந்துட்டேன். மனசு கேக்கல.”

மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. வசனகர்த்தா தலைவரைப் பார்த்தார். தலைவர் அம்மணியைப் பார்த்தார். அம்மணி தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“இப்ப மறுபடி போட்டுக் காட்டட்டுமா சார்? மிஷின் ரெடியா இருக்கு.”

“வேண்டாம்.” மூன்று குரல்களும் சேர்ந்தே வந்தன. அந்த வருஷம் அவர்கள் ஒன்றுபட்ட முதல் விஷயம் அதுதான்.

தலைவர் இருமினார். தான் பொதுவாகத்தான் சொன்னதாகவும், இளைஞர்களுக்கு இன்னும் காலம் இருப்பதாகவும், அனுபவத்துக்கு ஒரு மரியாதை வேண்டும் என்றும் சொன்னார். அம்மணிக்கும் அந்தச் சாவிக்கொத்து இப்போது நன்றாகவே ஞாபகம் வந்துவிட்டது.

“அப்ப முழுசாப் பார்த்த படத்துக்கே கொடுத்துடலாமே,” என்றார் வசனகர்த்தா.

தலைவர் பிணத்தின் பெயரை எழுதி, கீழே ‘ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் ஏகமனதான முடிவு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

வெளியே படியிறங்கும்போது வசனகர்த்தா, ஆபரேட்டரின் தோளில் கை போட்டுக்கொண்டார். மனசு லேசாகியிருந்தது.

“நல்ல நேரத்துல விளக்கு அணைஞ்சுதுய்யா. இல்லேன்னா ஒரு நடிகனை உயிரோட புதைச்சிருப்போம்.”

ஆபரேட்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சத்தம் சரியா வருதான்னு பார்க்க நான் திரைப் பக்கம் வந்து நின்னேன் சார். மூணு பேர் முகத்துலயும் பளிச்சுன்னு வெளிச்சம். மூணு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. விளக்கு ஒரு நொடிகூட அணையல.”